ஒண்ணு, அஞ்சு, ஆறு, நாலு

தங்கை முதுகைக் காட்டியபடி ஏதோ சொன்னாள். அவள் அண்ணன் தூண் தலையாட்டினார்.

அவள் குனிந்து கீபோர்டின் ஒயரைச் செருகிக்கொண்டிருந்தாள். சுவரோரம் டமாரம் ட்ரம்ஸின் தோலைத் தட்டுவதும் திருகுவதுமாக இருந்தான். அவள் சொன்னது நீளமான வாக்கியம். நடுவில் ஒருமுறை கையை உயர்த்தி, எதையோ மெதுவாகக் கீழே வைப்பதுபோல் இறக்கினாள். பிறகு நிமிர்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டு திரும்பினாள்.

“சரியாண்ணா?”

அதை உதட்டில் படித்தார். “சரிம்மா” என்றார்.

புதன்கிழமைகளில் மாலை ஐந்தரைக்கு மாப்பிள்ளை காரை எடுத்துத் தெருவில் நிறுத்திவிடுவார். அதன்பின் கார் ஷெட் நான்கு பேருக்கு. தரையில் எண்ணெய்க் கறை. சுவர் முழுக்க முட்டை அட்டைகள், சத்தம் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் இருக்க. போய்க்கொண்டுதான் இருந்தது. மாப்பிள்ளை தங்கையின் கணவர். வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கிட்டார் வாசிப்பார். டமாரம் டைல்ஸ் கடையில் விற்பனைக்கு நிற்பவன். அவன் பேசினாலும் ட்ரம்ஸ் வாசித்தாலும் ஒரே சத்தம் என்பதால் அந்தப் பெயர். தங்கை ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள். பாடுவாள், கீபோர்டும் வாசிப்பாள். தூண் அச்சகத்தில் தாள் மடிக்கும் இயந்திரத்தின் முன்னால் இருபத்திரண்டு வருடங்களாக நிற்பவர். பேஸ் கிட்டார் அவருடையது. சனிக்கிழமை மதியங்களில் ஓர் ஓட்டலின் தோட்டத்தில், சாப்பிடுகிறவர்களுக்காக வாசித்தார்கள்.

தூண் என்பது டமாரம் வைத்த பெயர். ஒருநாள் பாட்டின் நடுவில் மேலே கட்டியிருந்த துணிப்பந்தல் அவிழ்ந்து நான்கு பேர் தலையிலும் விழுந்தது. மூன்று பேர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். துணிக்கு அடியிலிருந்து பேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்தது. “மனுஷனாய்யா இவரு? தூணு!” என்றான் டமாரம். அன்றிலிருந்து ஓட்டல்காரர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

மூன்று நான்கு ஸ்வரங்களைச் சேர்த்து ஒரே நேரத்தில் வாசிப்பதுதான் கார்ட். அவர்கள் கார்டுகளை எண்ணால் சொல்வது வழக்கம். காகிதம் வைத்துக்கொள்வதில்லை. ஏழு ஸ்வரத்தில் முதல் ஸ்வரத்தின் மேல் நிற்கும் கார்ட் ஒண்ணு, ஐந்தாவதன் மேல் நிற்பது அஞ்சு. பாடுகிறவருக்காகச் சுருதியை ஏற்றினாலும் இறக்கினாலும் எண் மாறாது. பத்துப் பாட்டில் ஏழு பாட்டு நான்கே எண்ணில் முடிந்துவிடும். ஒண்ணு, அஞ்சு, ஆறு, நாலு. மறுபடி ஒண்ணு. சோகமாக வேண்டுமென்றால் ஆறிலிருந்து தொடங்க வேண்டும், அவ்வளவுதான். காதலுக்கும் அதுதான், பிரிவுக்கும் அதுதான், சோப்பு விளம்பரத்துக்கும் அதுதான்.

“உலகத்துல மொத்தம் நாலு கார்ட்தான் தலைவரே” என்பான் டமாரம். “மீதியெல்லாம் பாட்டு வாத்தியாருங்க பொழைக்கிறதுக்கு.”

போன வருடம் ஒரு வேடிக்கை நடந்தது. ஓட்டலில் தங்கை ஒரு பாட்டின் முதல் வரியைப் பாடத் தொடங்கினாள். ஆண்கள் மூவரும் வாசித்தது வேறு பாட்டு. இரண்டுக்கும் ஒரே வேகம், ஒரே கார்டுகள். ஒரு பல்லவி முழுக்க யாருக்கும் எதுவும் தெரியவில்லை. மாப்பிள்ளை கிட்டாரில் இடையிசையை எடுத்தபோதுதான் தங்கை திரும்பி முறைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கை தட்டினார்கள். வீடு திரும்பும்வரை வேனில் சிரித்துச் சிரித்து டமாரத்துக்குப் புரையேறியது. தூணும் சிரித்தார். மற்ற மூவரும் இடையிசையில் விழித்துக்கொண்டார்கள். அவரோ, பாட்டு முடிந்து, மாப்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அவருக்கு ட்ரம்ஸ் பாதத்தில் கேட்டது. பேஸ் வயிற்றிலும் நெஞ்செலும்பிலும் கேட்டது. மற்றதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. எப்போது என்று சொல்ல முடியாது. அச்சகத்தில் ஒருநாள் பக்கத்து மெஷின்காரர் ஓடிவந்து சுவிட்சை அணைத்தார். பல்சக்கரம் எண்ணெய் காய்ந்து கத்திக்கொண்டிருந்ததாம். தெருவரைக்கும் கேட்டதாம். இவர் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தார். பிறகு ஒரு காது டாக்டரைப் பார்த்தார். டாக்டர் ஒரு தாளில் கோடு வரைந்து காட்டினார். கோடு இடப்பக்கம் மேட்டில் தொடங்கி வலப்பக்கம் பள்ளத்தில் இறங்கியது. கருவி வைத்துக்கொள்ளலாம் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்தவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.

வாசிப்பதற்குக் காது அவ்வளவாகத் தேவைப்படவில்லை என்பதுதான் அவருக்கே ஆச்சரியம். பாட்டின் பெயரைச் சொன்னால் எண்கள் வந்துவிடும். தெரியாத பாட்டென்றால் மாப்பிள்ளையின் இடது கை இருந்தது. விரல்கள் நரம்பில் போய் உட்காரும் உருவத்தைப் பார்த்தால் போதும். ஒரு மூச்சு முந்தியே தெரிந்துவிடும். இரண்டு வருடமாக அவர் ஒரு பாட்டையும் கேட்கவில்லை. ஒரு பாட்டையும் தவறவிடவுமில்லை.

சொல்லிவிடலாம் என்று பல தடவை நினைத்தார். அப்போதெல்லாம் ட்ரம்பெட்காரர் ஞாபகம் வரும். அவர் குழுவில் ஐந்தாவது ஆள். மூச்சு குறைந்துபோய் மேல் ஸ்வரங்கள் உடைய ஆரம்பித்தபோது, யார் சொல்வது என்று மூன்று பேரும் தூணைப் பார்த்தார்கள். “கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே” என்று இவர்தான் சொன்னார். ட்ரம்பெட்காரர் சரி என்றார். ஊதும் முனையைத் துணியால் நன்றாகத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். நான்கு பேருக்கும் கை கொடுத்தார். அதன்பின் ஓட்டல் பக்கம்கூட வரவில்லை.

இப்போது தங்கை கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். வானொலி நிலையம் ஒவ்வொரு வாரமும் ஒரு சிறு குழுவை அழைத்து, அவர்கள் சொந்தமாகப் போட்ட பாட்டு ஒன்றைப் பதிவுசெய்கிறது. இவர்கள் முறை வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. குழுவுக்குச் சொந்தப் பாட்டு என்று ஒன்று இதுவரை இருந்ததில்லை. தங்கை இரண்டு மாதமாக மதிய இடைவேளைகளில் எழுதியிருந்தாள். நிற்காமல் போன ஒரு பஸ்ஸைப் பற்றிய பாட்டு.

“ட்ரம்ஸ் வேணாம், கிட்டாரும் வேணாம்” என்று மாப்பிள்ளையையும் டமாரத்தையும் பார்த்துச் சொன்னாள். “என் கீபோர்டும் அண்ணன் பேஸும் மட்டும். கோவிச்சுக்காதீங்க.”

“கோவமா? நான் மூணு நிமிஷம் சும்மா உக்காந்து எத்தனை வருஷமாச்சு” என்றான் டமாரம். மாப்பிள்ளை கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

தூண் அந்தச் சாய்ந்த கிட்டாரைப் பார்த்தார். மாப்பிள்ளை கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ட்ரம்ஸ் இல்லாததால் தரையும் பேசவில்லை. கீபோர்டின் முகப்பு மறைத்ததால் தங்கையின் விரல்களும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் முதல் முறையாக, பார்க்க எதுவும் இல்லாமல் நின்றார்.

தங்கையின் வாய் அசையத் தொடங்கியது. தோள் லேசாக ஏறி இறங்குவதில் தாளத்தைப் பிடித்துக்கொண்டார். ஒண்ணு. அஞ்சு. ஆறு. அவள் கண்ணை மூடியிருந்தாள். நாலு.

அவள் கண்ணைத் திறந்தாள். நிறுத்தி, முதலிலிருந்து மறுபடி தொடங்கினாள். ஒண்ணு, அஞ்சு, ஆறு, நாலு. கைகளைக் கீபோர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஏண்ணா நாலுக்குப் போற?”

அவள் நேராகப் பார்த்துப் பேசியதால் எல்லாம் கிடைத்தது. மூணு என்று சொன்னேனே என்றாள். கடைசி இடத்தில் மட்டும் மூணு, அதுவும் வழக்கமான மைனர் இல்லை, மேஜர் என்று சொன்னேனே. நீயும் சரி என்றாயே.

அந்த நீளமான வாக்கியம் இப்போது அவருக்கு அர்த்தமானது. இறங்கிய கையும் அர்த்தமானது. மூன்று பேரும் அவரையே பார்த்தார்கள். பிறகு தன் குரல் நெஞ்செலும்பில் அதிர்வதை உணர்ந்தார்.

“நாலுதாம்மா நல்லா இருக்கும்.”

அவள் கோபப்படவில்லை. விளக்கினாள். “‘நில்லாம போன பஸ்ஸுல நீ இருந்தியான்னு தெரியல.’ அந்தத் ‘தெரியல’ அரை ஸ்வரம் கீழ இறங்குதுண்ணா. மூணுக்குப் போனாத்தான் இறங்க முடியும். நாலுக்குப் போனா அங்கேயே நின்னுடுது. தெரியலன்னு பாடுறேன், ஆனா தெரிஞ்ச மாதிரி இருக்கு.”

“கேக்கறவங்களுக்கு அதெல்லாம் வேணாம்மா. பழகின எடத்துல வந்து உக்காந்தாத்தான் மனசுல நிக்கும்.”

“தலைவர் சொல்றதும் நியாயம்தான்” என்றான் டமாரம். “நாலு வந்தா ஜனங்க கூடவே பாடுவாங்க. மூணு வந்தா என்னடா கரண்ட் போயிடுச்சான்னு பாப்பாங்க.”

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். “ரேடியோவுல ஒரு தடவைதானே வரும். மச்சான் சொல்ற மாதிரியே வெச்சுக்கலாமே” என்றார்.

தங்கை கீபோர்டில் எதையோ அழுத்திப் பார்த்தாள். மறுபடி அழுத்தினாள். “சரி” என்றாள். “நீ சொன்னா சரியாத்தாண்ணா இருக்கும்.”

அதன்பின் ஐந்து முறை பாடினாள். ஐந்து முறையும் அவர் நாலுக்குப் போனார். அவள் உதடுகள் அந்த வார்த்தையில் முன்பு குவிந்த மாதிரிக் குவியவில்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவர் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். மனைவி அடுப்பிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்து, அவருக்கு எதிரே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“உங்க தங்கச்சி போன் பண்ணா.”

“என்னவாம்?”

“அண்ணனுக்கு என் பாட்டு பிடிக்கலையா அண்ணின்னு கேட்டா. பிடிக்கலன்னா நேரா சொல்லிட்டாப் பரவாயில்ல, எல்லாப் பாட்டு மாதிரியும் ஆக்கிட்டாருன்னா. அழல. ஆனா போனை வெக்கவும் இல்ல.”

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

“என்ன சொன்னே?”

“நான் என்னத்தைச் சொல்ல? எனக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும். நீங்கதான் சொல்லணும்.”

அவள் எழுந்து மறுபடி மேசையைச் சுற்றிக்கொண்டு அடுப்புக்குப் போனாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவள் இப்படித்தான் சுற்றி வந்து எதிரே உட்காருகிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எத்தனை மாதமாக என்று எண்ணிப் பார்த்தார். அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாருக்கும் சொல்லவில்லை.

போனை எடுத்து, ‘யோசிச்சுப் பாத்தேன், மூணே வெச்சுக்கோம்மா’ என்று தங்கைக்கு எழுதினார். அனுப்பவில்லை. எழுதியதைப் படித்தபோது வெட்கமாக இருந்தது. எதை யோசித்தார்? அந்தப் பாட்டை அவர் கேட்டதே இல்லை. கேட்காத பாட்டுக்கு ஒருமுறை தீர்ப்புச் சொன்னது போதாதென்று இரண்டாவது தீர்ப்பு வேறு. ஒருவேளை நாலே நன்றாக இருக்கலாம். எப்படித் தெரியும்? பேஸை எடுத்து மடியில் வைத்து, ஆறுக்குப் பிறகு மூணை வாசித்தார். வயிற்றில் ஓர் அதிர்வு. நாலை வாசித்தார். அதுவும் ஓர் அதிர்வு. இரண்டுக்கும் நடுவில் அரை ஸ்வரம், பேஸின் கழுத்தில் ஒரே ஒரு கட்டம். விரலை அங்கும் இங்கும் வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுதியதை அழித்துவிட்டு, மீதிக் காயை நறுக்கினார்.

வானொலி நிலையத்துப் பதிவு அறை ஷெட்டைவிடச் சின்னது. தரையில் தடித்த கம்பளம். ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். கண்ணாடிக்கு அப்பால், மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட ஒரு நடுவயதுப் பெண் பொத்தான்களின் முன் உட்கார்ந்திருந்தார். ஒலிப்பதிவு அவர் பொறுப்பு. மாப்பிள்ளையும் டமாரமும் அவருக்குப் பின்னால் பெஞ்சில் இடம்பிடித்தார்கள். இந்தப் பாட்டில் அவர்களுக்கு வேலை இல்லை. டமாரம் வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தான்.

“பேஸ் நேரா எனக்கு வந்துடும் சார்” என்று அந்தப் பெண் உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே ஒயரைச் செருகினார். “ஸ்பீக்கர் கிடையாது. உங்களுக்கு ஹெட்போன்லதான் கேக்கும். சவுண்டு கூட்டணும்னா இந்தப் பெட்டியில திருகிக்குங்க. உங்களுக்கு எவ்வளவு வேணுமோ அவ்வளவு.”

அவர் வெளியே போனதும் தூண் ஹெட்போனை மாட்டிக்கொண்டார். திருகியில் ஒன்று முதல் பத்து வரை எண்கள் இருந்தன. நாலில் நின்றது. ஒன்றும் கேட்கவில்லை. ஏழுக்குப் போனார். தூரத்தில் யாரோ தாளைக் கசக்குவதுபோல் இருந்தது. பத்துக்குப் போனார்.

“—கொஞ்சம் பாடுங்க, அளவு பாத்துக்கறேன். நீங்க மட்டும். பேஸ் சார் அப்புறம்.”

தலைக்குள்ளேயே உட்கார்ந்து யாரோ பேசியதுபோல் இருந்தது. தூண் நிமிர்ந்தார். அடுத்து ஒரு மூச்சு கேட்டது. உள்ளே இழுக்கும் மூச்சு. அது தங்கையின் மூச்சு என்று அவருக்கு உடனே தெரிந்தது. பாடுவதற்கு முன் அவள் மூச்சு இழுப்பது காதுக்குக் கேட்கக்கூடிய ஒன்று என்பதையே மறந்துபோயிருந்தார்.

அவள் பாடினாள்.

குரல் அவர் நினைவில் வைத்திருந்த குரல் இல்லை. கொஞ்சம் தடித்திருந்தது. ஓரத்தில் லேசான கரகரப்பு. அவளுக்கு நாற்பத்தொன்று ஆகிறது என்று யோசித்தார். முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது வயதுக் குரலையே இத்தனை நாளும் அவள் வாய்க்குப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நில்லாமல் போன பஸ். அதன் பின்கண்ணாடியில் யாரோ ஒருவரின் தலை. அளவு பார்ப்பதற்குத்தானே என்று அவள் கவனமில்லாமல் பாடினாள். கவனமில்லாததால், எழுதியது எப்படியோ அப்படியே பாடினாள். ஒண்ணு, அஞ்சு, ஆறு. பழகிய படியில் கால் வைக்கத் தயாராக இருந்தார். படி அங்கே இல்லை. ‘தெரியல’ அரை ஸ்வரம் இறங்கியது. கீபோர்ட் அதன் கீழே போய்த் தாங்கியது. இல்லை, தாங்கவில்லை. கூடவே இறங்கியது. அவ்வளவுதான். மறுபடி ஒண்ணு.

தூணின் விரல்கள் நரம்பின் மேல் சும்மா கிடந்தன.

“போதும்மா. நல்லா வருது. பேஸ் சார், நீங்களும். நேரா ரெக்கார்டிங்கே போயிடலாமா? சிவப்பு லைட் வந்ததும் ஆரம்பிங்க.”

சிவப்பு விளக்கு வந்தது. தங்கை அவரைப் பார்த்துத் தலையசைத்தாள். ஒண்ணு. அஞ்சு. இப்போது அவள் கவனமாகப் பாடினாள். ஆறு. அவர் நாலுக்குப் போனார், அவளும் நாலுக்கு வந்தாள். ‘தெரியல’ நின்ற இடத்திலேயே நின்றது. சுத்தமாக, குறையில்லாமல், ஓட்டலில் பாடுகிற மற்ற எல்லாப் பாட்டையும்போல. அதைச் செய்தது தன் விரல் என்பது அவருக்குத் தலைக்குள் அவ்வளவு சத்தமாகக் கேட்டது.

பேஸ் நின்றது.

தங்கை இன்னும் அரை வரி பாடினாள். பிறகு அவளும் நின்றாள். கண்ணாடிக்கு அப்பால் டமாரம் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டான். பந்தல் தலையில் விழுந்தபோதும் நிற்காத பேஸ்.

“என்னண்ணா? நரம்பு அறுந்துடுச்சா?”

“நாலு வேணாம்மா. மூணுக்கே போ. அப்பப் பாடினியே, அந்த மாதிரி.”

“புதன்கிழமை அவ்வளவு சொன்னே.” அவள் குரலில் இப்போது கோபம் இருந்தது. அதையும் அவரால் கேட்க முடிந்தது. “இப்ப வந்து மாத்தற. எதுக்கு?”

யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவளும் நம்பிவிடுவாள். மூணுக்குப் போய்ப் பாடிவிடுவாள். பாட்டு பிழைத்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை ஓட்டலில் மாப்பிள்ளையின் இடது கை எப்போதும்போல இருக்கும்.

“நான் பாட்டையே இப்பத்தாம்மா கேட்டேன்” என்றார்.

“அப்படின்னா?”

“புதன்கிழமை நீ சொன்னது காதுல விழல. சும்மா தலையாட்டிட்டேன். அப்புறம் அதை மறைக்கறதுக்கு நாலுதான் நல்லா இருக்கும்னேன்.”

அவள் தன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். ஹெட்போன் சரியாக இல்லை, அதைப் பற்றித்தான் ஏதோ சொல்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும். அவர் தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஒலிப்பதிவுப் பெண் மைக்கில் ஏதோ சொன்னார். தங்கை தோள் தூக்கிவாரிப் போட, இரண்டு கையாலும் ஹெட்போனைப் பிடுங்கி எடுத்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. பெட்டியைப் பார்த்தாள். பத்து. அவரைப் பார்த்தாள்.

அவள் வாய் மெதுவாக அசைந்தது. “எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும்.”

“அண்ணிக்கு?”

“நான் சொல்லல. தெரியும்.”

“எங்களுக்குச் சொல்லணும்னு தோணலையா?”

ட்ரம்பெட்காரர் முகம் அவளுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும். அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள். பிறகு, அவர் எதிரே நேராக நின்று, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

“நாலு நாளா நான் சரியாத் தூங்கலண்ணா. எனக்கு எழுத வரலபோலன்னு நெனச்சேன்.”

“எழுத வருதும்மா” என்றார்.

அவள் ஹெட்போனை அவர் தலையில் திருப்பி வைத்தாள். கோபமாகத்தான் வைத்தாள். ஒரு காது மடங்கிக்கொண்டது. அதை விரலால் எடுத்து உள்ளே சரியாக்கிவிட்டாள். கீபோர்டுக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்து, புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் ஹெட்போனை மாட்டினாள்.

மைக்குகள் திறந்தே இருந்தன. பேசியதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் போயிருந்தது. ஒலிப்பதிவுப் பெண் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். “இன்னும் பதினஞ்சு நிமிஷம் இருக்கு” என்றார். “அவசரமில்ல. நீங்க ரெடின்னா சொல்லுங்க.”

கதவு திறந்தது. டமாரம் உள்ளே வந்தான். செருப்பை வெளியே விட்டிருந்தான். பின்னால் மாப்பிள்ளை. டமாரம் நேராக வந்து தூணின் ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் விலக்கிக் காதை வைத்துப் பார்த்தான். “யோவ்” என்றான். “உள்ள ஏரோப்ளேன் ஓடுது.” சொல்லிவிட்டு அவனாலேயே சிரிக்க முடியவில்லை. “பந்தல் விழுந்தப்பகூட அதனாலதான் நிறுத்தலையா?”

“அது அஞ்சு வருஷம் முன்னாடிடா. அப்பக் கேட்டுச்சு.”

“அப்ப அது நெஜமாவே தூணுதான்.”

மாப்பிள்ளை மச்சானின் தோளில் ஒருமுறை கையை வைத்து எடுத்தார். அடுத்த சனிக்கிழமையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. தூணும் கேட்கவில்லை. மாப்பிள்ளை சுவரோரம் போய் உட்கார்ந்தார். டமாரம் போகவில்லை. தூணின் எதிரே, இரண்டடி தூரத்தில், இஸ்திரி போட்ட சட்டையோடு கம்பளத்தில் குந்தி உட்கார்ந்தான். வாயில் விரலை வைத்து, தான் சத்தம் போடமாட்டேன் என்று கண்ணாடிக்கு அப்பால் இருந்தவருக்குக் காட்டினான்.

சிவப்பு விளக்கு வந்தது.

தங்கை மூச்சு இழுத்தாள். டமாரம் ஒரு விரலை உயர்த்தினான். தூண் ஒண்ணை வாசித்தார். பஸ் வரும் சாலை, வெயில், கையில் பை. டமாரம் ஐந்து விரலையும் விரித்தான். பிறகு அவசர அவசரமாக இன்னொரு கையிலிருந்து ஒரு விரலைச் சேர்த்து ஆறாக்கினான். உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் வாயையும் தன் விரல்களையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். தூணுக்கு விரல் எதுவும் தேவைப்படவில்லை. அவருக்கு எல்லாமே கேட்டது. ஆனாலும் அவர் கண்ணை எடுக்கவில்லை.

டமாரம் ஒரு கையைக் கீழே போட்டான். மற்றதில் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மடக்கினான். டைல்ஸ் பொடி ஏறி நகக்கண் வெளுத்த மூன்று விரல்கள், அந்த வார்த்தை இறங்கி முடியும்வரை, அசையாமல் நின்றன.